முப்பது கிலோமீட்டர் பந்தி

ஸ்ரீரங்கத்தில் போன வைகாசியில் நடந்த வைஷ்ணவியின் கல்யாணத்தில் சாப்பிட்ட அறுநூற்றுப் பதினேழு பேரால் அன்றிலிருந்து இன்றுவரை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போக முடியவில்லை. முதல் பந்தியில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கியவருக்கும், நின்றபடியே அரை டம்ளர் பாயசம் குடித்தவருக்கும் எல்லை ஒன்றுதான். மறுநாள் சிங்கப்பூர் விமானத்தில் ஏறிய மணமகளின் ஒன்றுவிட்ட மாமா, விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் கீரனூருக்கு முன்னால் ஒரு சோளக்காட்டில் மெதுவாக வந்து இறங்கினார். விமானத்தில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸ் கையில் சிந்தாமல் இருந்தது. இதை விசாரிக்க வந்த வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மீந்திருந்த மாங்காய் ஊறுகாயைச் சோதனைக்காக நாக்கில் தொட்டு வைத்தார். அடுத்த மாதம் ராமநாதபுரத்துக்குப் போட்ட மாற்றல் உத்தரவுப்படி அவரால் போய்ச் சேர முடியவில்லை. மேலிடம் காரணத்தை ஏற்றுக்கொண்டது. இந்த விஷயத்தில் வருத்தமே படாத ஆள் அவர் ஒருவர்தான்.

மணமகளின் அம்மா ஆனந்தவள்ளியைக் கேட்டால், வினை ஒரு காம்பஸில் ஆரம்பித்தது என்பாள். நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் வைஷ்ணவி தன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்து, மேப்பில் கல்யாண மண்டபத்தின் மேல் ஊசியை ஊன்றி ஒரு வட்டம் போட்டாள். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். நாலு விவசாயிகள் அவள் பேச்சைக் கேட்டுவிட்டால் தலைகால் புரியாது. அந்த வட்டத்துக்குள் விளைந்தது மட்டும்தான் தன் கல்யாணத்து இலையில் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நல்ல விஷயம்தானே என்று அப்பா வீரமலை தலையாட்டினார். துவாக்குடியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனிதர். சமையலறைக்குள் அவர் போவது தண்ணீர் குடிக்க மட்டும். ஆனந்தவள்ளி அப்படியல்ல. காந்தி மார்க்கெட்டில் எந்த லாரி எந்த ஊர்க் காயை இறக்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். அவள் கண் முன்னாலேயே உருளைக்கிழங்கு போயிற்று, கேரட்டும் பீன்ஸும் போயிற்று, துவரம்பருப்பும் மிளகும் முந்திரியும் பெருங்காயமும் போயிற்று. சாம்பாருக்குப் பாசிப்பயறு, பாயசத்துக்கு வறுத்த வேர்க்கடலை, காபிக்குப் பதிலாகக் கொத்தமல்லி வறுத்துப் பொடித்த ஒரு கறுப்புத் தண்ணீர் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்து கேட்ட ஒரே பலகாரம் மணப்பாறை முறுக்கு. அது வட்டத்துக்கு வெளியே எட்டு கிலோமீட்டர் தள்ளி நின்றது. காம்பஸை ஒரு நூல் அகட்டினால் குடியா முழுகிவிடும் என்று ஆனந்தவள்ளி கேட்டாள். அகட்டினால் அது வேறு வட்டம் என்றாள் மகள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உப்புக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது; அதுவும், உப்பில்லாமல் சமைக்கச் சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்று சமையல் மாஸ்டர் பெனடிக்ட் சொன்னதால் கிடைத்தது.

இதெல்லாம் போதாதென்று கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளையின் அப்பா விழுந்துவிட்டார். மாப்பிள்ளை ரஞ்சித்துக்கு ஊர் திண்டுக்கல். அவன் அப்பா சவடமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பஸ்ஸில் முப்பத்தைந்து வருஷம் நின்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசலில் சீரியல் செட் கட்ட ஏறிய ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வியாழக்கிழமைக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளினால் அப்புறம் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ கட்டிலை விட்டு நகர மறுத்தார். ஆனந்தவள்ளி போனில் அழைத்தபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது.

“முகூர்த்தத்தைத் தள்ளி வச்சுராதீங்க சம்பந்தி. மருமக வந்து என் வீட்டுல விளக்கேத்தட்டும், நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். உள்ளே போனா எப்படித் திரும்பி வருவேனோ. அந்த விளக்கைப் பாக்காம என்னை யாரும் தூக்கக் கூடாது.”

“ஞாயித்துக்கெழமை சாயங்காலம் உங்க வீட்டுல விளக்கு எரியும்ங்க. அது என் பொறுப்பு” என்றாள் ஆனந்தவள்ளி. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிறகு நான்கு நாட்கள் அவள் நொந்துகொண்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா அமிர்தம் அந்த மல்லித் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது கஷாயமாங்க சம்பந்தி?” என்று கேட்டதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு அருமையாக இருந்தது என்பதுதான் ஆனந்தவள்ளிக்கு இன்னும் எரிச்சல். அந்தநல்லூர் அரிசியும், ஜீயபுரத்து வாழைக்காய் வறுவலும், கொல்லைக் கத்தரிக்காய்க் கூட்டும் இலையில் விழுந்த வேகத்தில் காணாமல் போயின. பெண்ணைப் பெற்றவள் பந்தி விசாரிக்க வேண்டும் என்பது முறை. அவள் ஒவ்வொரு இலை முன்னாலும் குனிந்து, சாப்பிட்டீங்களா, இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொல்லவா, பாயசம் வந்ததா என்று நாலு பந்தியையும் விசாரித்து முடித்தபோது மணி மூன்று. பெனடிக்டின் ஆட்கள் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வழிக்கு என்று கட்டித் தரவேண்டிய கட்டுச்சாதக் கூடை மட்டும் தனியாக இருந்தது, புளிச்சோறு நிறைய. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் முன் சீட்டில் ஏறினாள். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும், வீரமலையும், அமிர்தமும், திண்டுக்கல் சொந்தங்களும் ஆக நாற்பத்தொன்பது பேர்.

மன்னார்புரம் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் பஸ் வேகம் எடுத்ததும் ஆனந்தவள்ளிக்கு மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாயில் வந்தது. முன்னால் பார்த்தபடியே பேசினாள். உருளைக்கிழங்கு இல்லாத கல்யாணத்தை இந்த ஜென்மத்தில் யார் பார்த்தார்கள் என்றாள். மணப்பாறை வருகிறது, எல்லாரும் இறங்கி ஆளுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், சம்பந்தியம்மாவுக்கு இரண்டு பொட்டலம், காபியும் குடிக்கட்டும் என்றாள். யாரும் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சரியாகிவிடுமா என்று வீரமலையைக் கேட்டாள். அப்போது டிரைவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார்.

“அம்மா, பின்னாடி யாரும் இல்லைங்க” என்றார்.

பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். மணப்பாறை 8 என்று எழுதிய கல்லுக்கு இந்தப் பக்கம், தார் ரோட்டில், நாற்பத்தொன்பது பேரும் அவரவர் சீட்டில் இருந்த வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஜன்னலோரம் இருந்த அமிர்தம் இல்லாத ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடி இருந்தாள். பஸ் தங்கள் உடம்பின் ஊடாகவே நழுவிப் போனது என்று சொன்னார்கள். மறுபடியும் ஏற்றிப் பார்த்தார்கள். மறுபடியும் பஸ் மட்டும் போனது. வைஷ்ணவி பையிலிருந்து மேப்பை எடுத்து விரித்து, கல் நிற்கிற இடத்தில் விரலை வைத்தாள். கல்யாணப் பட்டுப்புடவையோடு நடுரோட்டில் நிற்கிற பெண் அழுவாள் என்று பார்த்தால், வட்டம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்றாள். ஆனந்தவள்ளிக்குக் கை துறுதுறுத்தது. சம்பந்தி வீட்டார் எதிரே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. டிரைவர் காபி இல்லாத கல்யாணம் என்று கேள்விப்பட்டதும் மண்டபத்துக்குள் வராமல் மன்னார்புரத்தில் பரோட்டா தின்றவர்.

“அப்போ நீ சாப்பிடலையா?” என்று வீரமலை மனைவியைக் கேட்டார். ஏதோ தப்பு செய்துவிட்டவளைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. அது திரும்பிப் போக முடிகிற விருந்தாளியை வைத்துச் சொன்னது. ஸ்ரீரங்கம் கீதாபுரத்தில் ஆனந்தவள்ளியின் வீட்டுக்கு இரண்டு படுக்கையறை, ஒரு பாத்ரூம். அதில் திண்டுக்கல்காரர்கள் பத்தொன்பது பேர் தங்கினார்கள். மீதிப் பேரை அக்கம்பக்கத்தில் ஒதுக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை ரயிலில் முயன்றவர்கள் தண்டவாளத்தை ஒட்டிய கருங்கல் ஜல்லியின் மேல் நின்றார்கள். செவ்வாய்க்கிழமை நடந்தே போய்விடலாம் என்று ரஞ்சித்தும் வைஷ்ணவியும் கிளம்பினார்கள். கல் அருகே போனதும் கால் நடந்தது, இடம் நகரவில்லை. மாலைவரை நடந்துவிட்டுச் செருப்புத் தேய்ந்து திரும்பினார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் முறுக்கு சுடுகிற வாசனை வருகிறது என்று ரஞ்சித் சொன்னான். அமிர்தம் அதைக் கேட்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தாள். ஆனந்தவள்ளிக்கு அந்த நான்கு நாளில் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான். மற்ற நேரமெல்லாம் யாருக்கு வெந்நீர், யாருக்குச் சர்க்கரை மாத்திரை, எந்தக் குழந்தை யாருடைய துண்டில் துடைத்தது என்று அவள்தான் பார்க்க வேண்டியிருந்தது. வைஷ்ணவி மேப்பைச் சுவரில் ஒட்டி வைத்து, எல்லையில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று ஆராய்ந்தாள். எங்கும் ஓட்டை இல்லை. தன் கையால் போட்ட வட்டத்தில் ஓட்டை இருக்காது என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை என்று தாய்க்குத் தெரியும்.

திண்டுக்கல்லில் சவடமுத்து அசையவில்லை. எதிர் வீட்டு பஷீர் அகமதுதான் கஞ்சி கொடுத்து, துணி மாற்றி, பார்த்துக்கொண்டார். டாக்டர் இரண்டு தடவை ஆம்புலன்ஸ் அனுப்பினார். இரண்டு தடவையும் சவடமுத்து, விளக்கு எரியட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். செவ்வாய் ராத்திரி பஷீர் அகமது போன் செய்து, வலியில் முனகுகிறார், ஆனால் பிடிவாதம் குறையவில்லை, நாளை ஒரு நாள்தான் இருக்கிறது என்றார். ரஞ்சித் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அழுதான். வைஷ்ணவி முதல் முறையாக மேப்பைச் சுவரிலிருந்து கிழித்தாள்.

“கிழிச்சா வட்டம் போயிடுமா? விடு” என்றாள் ஆனந்தவள்ளி. “வாக்குக் கொடுத்தது நான். நான் போயிட்டு வரேன்.”

போய் என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. புதன்கிழமை காலை பஸ்ஸில் தனியாக ஏறினாள். சம்பந்தி வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாதே என்று கட்டுச்சாதக் கூடையை எடுத்துக்கொண்டாள். நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய புளிச்சோறு நாலு நாளானாலும் கெடவில்லை. மணப்பாறை 8 என்ற கல்லைப் பஸ் தாண்டியபோது தன்னையும் அறியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. மணப்பாறையில் பஸ் நின்றபோது ஒரு காபி வாங்கிக் குடித்தாள். அவ்வளவு நல்ல காபியைக் குடிப்பதில் ஒரு குற்ற உணர்ச்சி வந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

சவடமுத்துவின் வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள சிறிய ஓட்டு வீடு. கூடத்துச் சுவரில் மாடம், அதில் எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றாமல் வைத்த விளக்கு. அதற்கு எதிரே கட்டில். நான்கு நாளாக அவர் அந்தத் திரியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் என்பது ஆனந்தவள்ளிக்கு வாசலிலேயே புரிந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. வரும் வழியெல்லாம் அவள் நினைத்து வைத்திருந்த கோபமான வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். ஒளிவுமறைவு இல்லாமல், காம்பஸிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். நான் ஏற்றட்டுமா என்றும் கேட்டாள். அவர் தலையை அசைத்தார்; அவள் மருமகள் இல்லையே.

“கூடையில என்னங்க?” என்று கேட்டார்.

“கல்யாணத்துப் புளிச்சோறு. முறைக்குக் கொண்டாந்தேன். சாப்பிடாதீங்க, சாப்பிட்டா என்ன ஆகும்னு தெரியாது.”

“எழுந்து நடக்கவே முடியாதவனுக்கு எல்லை எதுக்குங்க சம்பந்தி? என் பையன் கல்யாணச் சோறு. ஒரு வாய் குடுங்க.” பிறகு நிறுத்தி, “எங்க வீட்டுல முதல் கை மாடத்துக்கு வைக்கிறது வழக்கம். வச்சிட்டு எனக்குக் குடுங்க” என்றார்.

வழக்கம் என்றால் ஆனந்தவள்ளி மறுபேச்சுப் பேசுகிறவள் அல்ல. ஒரு உருண்டையை வாழை இலைத் துண்டில் வைத்து மாடத்தில் விளக்கின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அடுத்த உருண்டையை அவர் கையில் வைத்தாள். அவர் மென்று விழுங்கினார். நல்லா இருக்கு, பெருங்காயம் போடலையோ என்றார். அப்போது தரை லேசாக ஒரு முறை அசைந்தது, பழைய லிப்ட் நிற்கும்போது அசைவதுபோல. செம்பில் இருந்த தண்ணீர் சிந்தவில்லை. ஆனால் தெருவில் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோச் சத்தம் நின்று, பஸ் ஹாரன் கேட்டது. ஆனந்தவள்ளி கதவைத் திறந்தாள். எதிரே பஷீர் அகமதுவின் வீடு இல்லை. கொள்ளுக் காடும் தார் ரோடும், ரோட்டோரம் மணப்பாறை 8 என்ற கல்லும் இருந்தன. வீடு கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றது. படைத்த சோறு வீட்டுக்கும் சேர்ந்துவிட்டது; வட்டத்துக்கு வெளியே அதற்கு இனி இடமில்லை.

காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள், அது அவள் நிலம், நிமிர்ந்து பார்த்துவிட்டு வரப்பு வழியாக நடந்து வந்தாள். வீட்டைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். கொல்லைத் தண்ணி என் கெணத்துப் பக்கம் வராம பாத்துக்கங்க, கொள்ளு அறுத்தப்புறம் மத்ததைப் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்க் களை எடுத்தாள். ஆனந்தவள்ளி போன் செய்து முக்கால் மணி நேரத்தில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அமிர்தம் தன் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே போய் அவள் செய்த முதல் வேலை, தன் டப்பாவிலிருந்த காபிப் பொடியை முகர்ந்தது. வைஷ்ணவி படி அரிசியைக் காலால் தள்ளி, வலது காலை வைத்து உள்ளே வந்தாள். தீக்குச்சி இரண்டு அணைந்து மூன்றாவது பற்றியது. மாடத்தில் விளக்கு எரிந்தது. சவடமுத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, இனி ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று மகனிடம் சொன்னார். திருச்சியில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. வட்டத்துக்குள்ளேயே எத்தனையோ இருந்தன.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது வலியில் அவருக்கு வேர்த்தது. எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் காலிக் கூடைபோல ஒதுங்கி நின்ற ஆனந்தவள்ளியை அவர் தேடிப் பார்த்தார்.

“நீங்க சாப்பிட்டீங்களா சம்பந்தி?” என்றார்.

ஆனந்தவள்ளி அறுநூறு பேரை அந்தக் கேள்வி கேட்டவள். வீரமலை நடுரோட்டில் கேட்டது விசாரணை; அக்கறையாக அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. கல்யாணத்தன்று இல்லை, அதற்குப் பிறகு வந்த நான்கு நாளில் இல்லை, யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்னாலும் எப்போது என்று நினைவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதாள். வைஷ்ணவி கூடையில் மீந்திருந்த சோற்றில் ஒரு கை எடுத்துக்கொண்டு அம்மா அருகில் வந்தாள். ஊட்டக் கையைத் தூக்கினாள். ஆனந்தவள்ளி அந்தச் சோற்றைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் கையைத் தாழ்த்தினாள்.

“அப்புறம் சாப்பிட்டுக்கிறேன். திண்டுக்கல்ல கரண்டு கனெக்‌ஷனை நிறுத்தச் சொல்லி யாராவது எழுதிக் குடுக்கணும்ல” என்றாள்.

மறுநாள் போய் எழுதிக் கொடுத்தாள். அதிலிருந்து அவள்தான் போகிறாள். பஷீர் அகமதுவின் மகள் இர்பானாவின் நிக்காஹ்வுக்குச் சவடமுத்து வீட்டார் சார்பில் போனதும், ஆள் இல்லாமல் சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்த மாமாவின் பெட்டியைச் சென்னை ஏர்போர்ட்டில் வாங்கியதும், பெனடிக்டின் பேத்தியைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விட்டதும் அவள்தான். சனிக்கிழமை காலையில் கீதாபுரம் வீட்டு வாசலில் ஆட்கள் சீட்டோடு நிற்கிறார்கள். ஒருவருக்கு மதுரையில் சாவு, ஒருவருக்குச் சேலத்தில் கோர்ட்டு, ஒருவருக்கு மணப்பாறை முறுக்கு. நான் என்ன இந்த ஊருக்குத் தபால்காரியா என்று திட்டிக்கொண்டே சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாள். திண்டுக்கல் ரோட்டில் பஸ் போகும்போது கொள்ளுக் காட்டு வீட்டு வாசலில் சவடமுத்து கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டிரைவர்கள் அங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறார்கள். அவர் எழுந்து வந்து ஜன்னல் வழியாக அன்றைக்குக் கேட்டதையே கேட்பார். சாப்பிட்டேங்க, வீட்டுல இட்லி, என்று அவள் சொன்னதும் பஸ் கிளம்பும்.